கை வைத்துப் பார்த்த மூன்று கிட்டார்கள்

முதலில் அது மரத்தின் சாயம் என்றுதான் தேவநேசன் நினைத்தார். கிட்டாரின் கழுத்து வெளிர்மஞ்சள் மரம். அதன் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில், ஃப்ரெட் என்பார்களே அவற்றில், ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே கடுகளவுக்கு ஒரு சிவப்பு. நாலேகால் லட்சம் வாங்கிக்கொண்டு சாயம் போகிற சாமானையா கொடுக்கிறான் என்று ஒரு நிமிஷம் அற்பமாகச் சந்தோஷப்பட்டார்கூட. ஒன்பதாவதுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. பன்னிரண்டாவதில் லேசாக ஓர் இழுப்பு, யாரோ குங்குமக் கையோடு தொட்டுவிட்டுப் போன மாதிரி. அப்புறம்தான் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் பிளந்து ரத்தம் கோத்து நின்றது. எப்போது கிழித்தது என்று தெரியவில்லை. வலிக்கவில்லை. கால் மணி நேரமாக அந்தக் கையை அந்தக் கழுத்தில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார், வீட்டு நாயைத் தடவிக் கொடுப்பதுபோல. கடையின் மஞ்சள் துணியை எடுத்து முதலில் கிட்டாரைத் துடைத்தார். துடைத்து முடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் விரல் ஞாபகம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டார். நாக்குக்கு உப்புக் கரித்தது. நாக்குக்கு எல்லாம் தெரிகிறது. ஐம்பத்தெட்டு வயது ஆள் விரல் சூப்பிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்ததும் சட்டென்று எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். ஃப்ரெட் முனைகள் கழுத்தின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதுதான் விஷயம். இந்தக் கிட்டார் கப்பலில் வந்து நாலு மாதம். கடைக்காரர் மன்சூர் பாய் இந்த அறையில் ராப்பகலாக ஏசியை ஓட விடுகிறார், காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் வேறு. மரம் வற்றிச் சுருங்கும், உலோகம் சுருங்காது, கம்பியின் முனைகள் அரம் மாதிரி ஓரத்தில் எட்டிப் பார்க்கும். தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். தொட்டுப் பார்ப்பதற்காகத்தான் தேவநேசனை வைத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: இந்தக் கழுத்துல ஒரு குறையும் இல்லம்மா.

ஒரு குறையும் இல்லம்மா. அந்த ‘ம்மா’வை வேறு எவ்வளவு இழைத்துச் சொன்னார். ரோஷிணி என்று பேர் அந்தப் பெண்ணுக்கு. முப்பது இருக்கும். சேத்துப்பட்டில் ஏதோ சுகர் ஆஸ்பத்திரியில் வேலை, வார இறுதியில் நாலு சிநேகிதிகளோடு ஈசிஆர் பக்கம் ஒரு காபி கடையில் வாசிக்கிறாள், அந்த வாசிப்பில் வருகிற பணத்தைத் தொடாமல் ஆறு வருஷம் ஒதுக்கி வைத்திருக்கிறாள், ஒரே ஒரு கிட்டார், உருப்படியாக ஒன்று, அப்புறம் ஆயுசுக்கும் வேறு வாங்கப்போவதில்லை என்று மன்சூர் பாயிடம் சொல்லியிருக்கிறாள். பாய் சிரித்திருக்கிறார், கிட்டார்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவள் கை சின்னக் கை. பழைய கிட்டாரின் கழுத்து தடியாக இருந்து மணிக்கட்டு வீங்கிவிடுகிறதாம். கையில் உட்கார வேண்டும் சார், விலைக்குத் தகுந்த மாதிரியும் இருக்கணும் சார், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான் என்று போன வாரம் சொன்னபோது தேவநேசன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், பெரிய மனுஷர் மாதிரி. அவர் வாசித்த பழைய சினிமாப் பாட்டுகளின் நடுவில் வருகிற கிட்டார் துண்டுகளை அவள் பத்து வயதிலிருந்து கேட்டு வருகிறாளாம். உங்க விரலைக் கேட்டுத்தான் சார் நான் கத்துக்கிட்டேன் என்றாள். விரலை என்றா சொல்ல வேண்டும், வாசிப்பை என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குக் காலை டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள், சாப்பிடக்கூட இல்லை. முடிவு சொல்வதற்கு முன்னால் மூன்றையும் இன்னொரு தடவை தனியாகப் பாருங்கள், நான் பக்கத்தில் நின்றால் உங்களுக்குத் தொந்தரவு என்று அவளே சொல்லிவிட்டு எதிர்த்த மெஸ்ஸுக்குப் போயிருக்கிறாள். அரை மணி நேரம். அதில் பாதி போய்விட்டது. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் மாடிமேல் இந்த அறை. தரையில் கனத்த கம்பளம், சுவரில் பஞ்சு அடைத்த துணி, ஹாரன் சத்தம்கூட உள்ளே வராது. ஏசி மட்டும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. எதிரே மூன்று ஸ்டாண்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாய் எழுதி ஒட்டின துண்டுச் சீட்டுகள். மடியில் இருப்பது இரண்டு. செய்தவர் பேரைச் சொன்னால் மாஸ்டர் மனசு, தேவநேசனைப் பாய் அப்படித்தான் கூப்பிடுவார், சாய்ந்துவிடும் என்று பேருக்குப் பதில் எண். நம்பர்தான் நியாயம் என்று பாய் வாடிக்கையாளர்களிடம் சொல்வார்.

இந்தக் கடையின் வழக்கமே அது. இரண்டு லட்சத்துக்கு மேல் போகிற எந்தக் கிட்டாரும் தேவநேசன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பார்க்காமல் படியிறங்காது. இருபது வருஷத்துக்கு முன்னால் விளையாட்டாக ஆரம்பித்தது. யாரோ ஒரு பணக்காரப் பையன் விலை கூடினதுதான் உசத்தி என்று அடம்பிடிக்க, தேவநேசன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து கிட்டார்களை வரிசையாக வாங்கி வாசித்து, நாலாவதுதான் உள்ளதிலேயே மலிவு, நாலாவதுதான் உள்ளதிலேயே நல்லது என்று பட்டென்று சொன்னார். அன்றைக்கு அது நிஜம். அன்றைக்கு விரல் நுனியில் கண் இருந்தது. கழுத்து எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, பூச்சு கெட்டியா மெல்லிசா, எந்த ஃப்ரெட் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கிறது, எல்லாம் இருட்டில் வீட்டுப் படி இறங்குகிற மாதிரி தெரியும். இப்போது ஏழாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ரத்தம் இழுத்துக்கொண்டு போகிறது, இவர் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அந்த வாக்கியம் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகாத முள். அதற்கடுத்து இன்னொன்றும் சொன்னார்: கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள், பாயும் சிரித்தார்.

ஆரம்பத்தில் அவர் அதைக் காய்ப்பு என்றுதான் நினைத்துக்கொண்டார். கிட்டார்காரன் தவிர வேறு எவனும் இப்படி ஏமாற மாட்டான். நாற்பது வருஷம் கம்பியை அழுத்தின விரல், நுனியெல்லாம் காய்த்துப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு மரத்துப்போனால் பயம் வரும், இவருக்குப் பெருமை வந்தது. ஆறு மாதம் பெருமைப்பட்டார். வலியே இல்லை, ரெண்டு மணி நேரம் வாசித்தாலும் விரல் எரிவதில்லை, வயசாக ஆகத்தான் கை பழுக்கிறது என்று ஜெயராணியிடம்கூடச் சொன்னார். ஜெயராணிக்கு அவரோடு முப்பத்தோரு வருஷக் குடித்தனம், இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தை அவர் வெறும் கையால் தூக்கி மேசையில் வைப்பதைப் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. அவர் கையைப் பிடித்துக் குழாயின் கீழ் வைத்துக்கொண்டு, எத்தனை நாளா என்று மட்டும் கேட்டாள். டாக்டர் அவருடைய உள்ளங்காலில் ஆரம்பித்தார், விரல் நுனியில் முடித்தார், பத்து வருஷமாகச் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்றார், போனது போனதுதான், இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். போனது போனதுதான். இடது கையில் மூன்று விரல் சுத்தமாகப் போச்சு, சுண்டுவிரலில் ஏதோ கொஞ்சம் பாக்கி. அது ஆகிறது இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்? எண்ணக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். ஒரு பல் டாக்டர், ஒரு கப்பல் இன்ஜினியர், அண்ணா நகரில் மகனுக்கு வாங்கிக்கொடுத்த அந்த அம்மாள். அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற கிட்டார்களில் எத்தனை கழுத்து கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறதோ. பல் டாக்டர் விஷயம் பரவாயில்லை, அவர் வாசிக்கவே மாட்டார் என்று நினைத்தார், நினைத்ததற்கும் சேர்த்துக் கூச்சப்பட்டார்.

எப்படிச் சமாளித்தார் என்பது இருக்கிறதே, அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. ஜெயராணியிடம்கூட. ஒரேயடியாக ஏமாற்றுவோம் என்று ஏமாற்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் மூக்கு. கையால் செய்கிற கிட்டார்களில் சிலவற்றுக்குப் பூசுகிற பழைய கால வார்னிஷ் லேசாக நகப்பூச்சு வாசனை அடிக்கும், அது அடித்தால் உசத்திச் சரக்கு. அப்புறம் எடை. மடியில் வைத்த உடனே எது எந்த ஊர் என்று பாதி தெரிந்துவிடும். அப்புறம் காது, காது இன்னும் தங்கம் மாதிரி இருக்கிறது, அதில் பொய்யில்லை. ஆனால் காதுக்குச் சத்தம் தெரியும், கைக்கு எது சுகம் என்று தெரியாது. அப்புறம் மன்சூர் பாயின் மூச்சு. எந்தக் கிட்டார் ரொம்ப நாளாக விற்காமல் கிடக்கிறதோ அதை நீட்டும்போது பாய் மூச்சைப் பிடித்துக்கொள்வார், பாவம், அவருக்கே அது தெரியாது. கடைசியில் கண். ஆமாம், கண். இடது கண்ணை ஒரு நூல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் ஜெபத்தின் நடுவில் பக்கத்துப் பையன் டிபன் பாக்ஸைப் பார்க்கிற மாதிரி. போன சனிக்கிழமை அந்த நூலளவு வழியாகத்தான் பார்த்தார், ரோஷிணி இரண்டாவது கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேனில் முக்கி எடுத்த மாதிரி மரம், உள்ளே அலை அலையாக வரி ஓடுகிறது, யாராக இருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள். பாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சாட்சியும் ஒத்துப்போய்விட்டது. மாஸ்டர் வாயைத் திறந்தார். கழுத்து வெண்ணெய், கை வைத்தால் தானாகப் போகிறது, விலை கூடத்தான், ஆனால் கொடுக்கிற காசுக்குக் கையில் பதில் இருக்கிறது என்று நாலு வாக்கியம். இதே வாக்கியங்களை வேறு எத்தனை கழுத்துக்குச் சொல்லியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஸ்டுடியோக்காரர்களாவது அவரை நாசூக்காகக் கழற்றிவிட்டார்கள். கடைசியாகப் போன ரெக்கார்டிங்கில் ஒரு சின்னத் துண்டு, எட்டு விநாடிகூட வராது, கம்பியை வளைத்துச் சுருதிக்கு ஏற்ற வேண்டும், ஆறு தடவை எடுத்தார்கள், ஆறு தடவையும் ஒரு நூல் குறைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் பையன் மைக்கில் மரியாதையாக, போதும் சார், சூப்பர் சார் என்றான். பாட்டு வெளிவந்தபோது அந்த எட்டு விநாடியில் ஒரு கீபோர்டு இருந்தது. பணம் முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கூப்பிடவில்லை. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, வாயைத் திறக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள், அது ஒரு நாகரிகம். இங்கேதான் யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னும் பன்னிரண்டு நிமிஷம். சொல்லிவிடலாம். அம்மா, எனக்கு விரலில் உணர்ச்சி இல்லை, ரெண்டு வருஷம் ஆச்சு, போன வாரம் சொன்னது அத்தனையும் குருட்டாம்போக்கு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், பத்து விநாடி. அப்புறம் பாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் பல் டாக்டருக்குத் தெரியும், அண்ணா நகர் அம்மாளுக்குத் தெரியும், பெரம்பூரில் அவர் போகிற சர்ச்சின் பாடகர் குழுவுக்குத் தெரியும், மானம் கப்பலேறிவிடும். அதைவிட, இந்தப் பெண் பத்து வயதிலிருந்து கேட்டதெல்லாம் என்னவாகும். அதெல்லாம் நிஜமான விரல் வாசித்தது, அதில் கலப்படம் இல்லை. ஆனால் இதைச் சொன்னால் அதுவும் சேர்ந்து அழுக்காகிவிடும் என்று பயமாக இருந்தது. வேறு வழி இருக்கிறதா? பாயின் மேசை டிராயரில் அரம் இருக்கிறது. நாலு இழுப்பு இழுத்து முனைகளை மழுக்கிவிடலாம். மழுங்கிற்றா என்று யார் தொட்டுப் பார்ப்பது? இரண்டாவதை விட்டு முதலாவது என்று சொல்லிவிடலாம், இரண்டே முக்கால் லட்சம், ஜப்பான்காரன் செய்தது, அவன் தப்புப் பண்ண மாட்டான். பண்ண மாட்டான் என்று எப்படித் தெரியும்? பேர் தெரிந்துதானே சொல்கிறோம், பேர் தெரியாமல் சொல்வதற்குத்தானே இந்த நாற்காலி. ஒன்றும் சொல்லாமல் தலைவலி என்று எழுந்து போய்விடலாம். அவள் இரண்டாவதை வாங்கிக்கொண்டு போவாள், ஈசிஆரில் நாலு பேர் எதிரில் அதை வாசிப்பாள், கை கிழியும், முதலில் தன்மேல்தான் தப்பு என்று நினைப்பாள். மாஸ்டர் ஒரு குறையும் இல்லை என்றாரே, நம் கைதான் சரியில்லை போல. சின்னக் கை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். இன்னொரு விஷயமும் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் கை கொடுத்தபோது அவள் அவர் கையைச் சாதாரணமாகப் பிடிக்க வேண்டியதைவிட ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தாள். மரியாதைக்காக இருக்கும். சுகர் ஆஸ்பத்திரி என்று பாய் சொன்ன பிறகு அந்த ஒரு நொடியை ஒரு வாரமாக அவர் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நாக்குக்கு உப்புத் தெரிந்ததே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. நாக்குக்குத் தெரியும், உதட்டுக்குத் தெரியும், கன்னத்துக்கும் தெரியும். தேவநேசன் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார், இரண்டாவது கிட்டாரைத் தூக்கி நிறுத்தி, கழுத்தின் ஓரத்தை இடது கன்னத்தில் வைத்து மெல்ல இழுத்தார். சுருக்கென்றது. காலையில்தான் சவரம் செய்திருந்தார், ஒவ்வொரு முனையும் எண்ணுகிற மாதிரிக் குத்தியது, ஐந்து, ஆறு, ஏழு, ஏழாவதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி என்பதா, வெகு நாள் கழித்து ஒரு கிட்டார் அவரிடம் உண்மை பேசினது என்பதா, தெரியவில்லை. அதை வைத்துவிட்டு முதலாவதை எடுத்தார். முனைகள் நறுவிசாக மழுக்கியிருந்தன, ஜப்பான்காரன் பேரைக் காப்பாற்றினான், ஆனால் கழுத்தின் பின்புறம் பூச்சு கெட்டி, கன்னத்தில் கண்ணாடித் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. வியர்க்கிற ஊரில் இரண்டாவது பாட்டிலேயே கை பிடித்துக்கொள்ளும். தடிமனும் கூட. தாடை எலும்பில் வைத்து அளந்தார், அவளுக்கு ஆகாது. மூன்றாவது. பெங்களூரில் யாரோ ஒரு பெண், கட்டடம் வரைகிற வேலையை விட்டுவிட்டு வருஷத்துக்குப் பத்துக் கிட்டார் செய்கிறாளாம். ஒன்றே முக்கால் லட்சம். கலர் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, காயாத சாணி நிறம். போன வாரம் அதை அவர் ஒரு நிமிஷம்கூட மடியில் வைக்கவில்லை. கன்னத்தில் வைத்து இழுத்தார். எதுவும் தட்டவில்லை. முதலிலிருந்து மறுபடி இழுத்தார். ஃப்ரெட் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று கன்னத்துக்குத் தெரியவில்லை. பின்புறம் பூச்சே இல்லாத மாதிரி எண்ணெய் தேய்த்த வெறும் மரம், பதமான சூடு. மேலே போகப் போக ஒரு பக்கமாக மெலிகிறது, பெருவிரல் எங்கே வரும் என்று தெரிந்து ஒதுங்கிக்கொடுக்கிற மாதிரி. யாரோ தன் கை வலித்த ஞாபகத்தோடு செய்திருக்கிறாள். தேவநேசன் கண்ணை மூடிக்கொண்டார், இந்தத் தடவை இரண்டு கண்ணையும். இதுதான். இரண்டரை லட்சம் குறைவு, இதுதான். சந்தேகமே இல்லாமல் ஒன்று தெரிவது என்றால் எப்படி இருக்கும் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது, சந்தோஷத்தில் உதட்டையும் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். கிட்டாருக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கன்னத்தைச் சட்டைத் தோளில் தேய்த்துக்கொண்டு, காலைக் கால்மேல் போட்டு உட்கார்ந்தார்.

ரோஷிணியும் பாயும் சேர்ந்தே வந்தார்கள். மெஸ்ஸில் வெயிட் பண்ண வைத்துவிட்டார்கள் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள், அவர் பரவாயில்லை என்றார். எது சார் என்று அவள் கேட்டாள். சொல்லிவிடுவதென்று தேவநேசன் முடிவு செய்துதான் வாயைத் திறந்தார். உள்ளே அந்தப் பத்து விநாடி வாக்கியம் தயாராகவும் இருந்தது.

“மூணாவது எடுத்துக்கம்மா. ரெண்டாவது வேணாம், ஃப்ரெட் முனையெல்லாம் வெளிய வந்திருக்கு, கையைக் கிழிக்கும்.”

அவள் இரண்டாவதன் கழுத்தில் விரலை ஓட்டினாள், உடனே எடுத்துக்கொண்டாள். போன வாரம் இது இல்லையா சார் என்றாள், குற்றம் சொல்கிற குரலில்லை, தெரிந்துகொள்கிற குரல்தான். ஏசியில் மரம் சுருங்கும், ஒரு வாரத்திலேயே இப்படி ஆகிவிடும் என்றார் தேவநேசன். நாலு மாதத்தில் ஆவதை ஒரு வாரத்தில் ஆக்கினார். பாய்க்குத் தெரியாதா என்ன. ஆனால் பாய் கடையின் மானத்தை நினைத்துத் தலையாட்டினார். முகம் வாடித்தான் போனது, நாலேகால் போய் ஒன்றே முக்கால் ஆயிற்றே, இருந்தாலும் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல மறக்கவில்லை, பாத்தீங்களாம்மா, மாஸ்டர் கைக்குத் தப்பாது என்றார். ரோஷிணி மூன்றாவதை மடியில் வைத்து நாலு ஸ்வரம் வாசித்தாள். இடது கை மேலே போய் இறங்கியது. தோள் மெதுவாகத் தளர்ந்தது, பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி. அதைப் பார்க்க அவருக்கு நிறைவாக இருந்தது. நல்லதுதானே நடந்திருக்கிறது, அவளுக்குக் கிட்டார் அமைந்தது, நமக்குப் பேர் மிஞ்சியது, யாருக்கும் நஷ்டம் இல்லை என்று மனசு பூசி மெழுகிக்கொண்டே வந்தது. வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார், உங்க கைக்குத்தான் தெரியும் என்று அவள் சொன்னபோது மெழுகினது அத்தனையும் பெயர்ந்துகொண்டு வந்தது. கன்னம் எரிந்தது. பாய் பெட்டி எடுத்துவரக் கீழே போனார்.

அவள் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு ஊறி வெளியே வந்திருந்தது. கிட்டாரைப் பக்குவமாக ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கிட்ட வந்து, எப்போது கிழித்தது என்று கேட்டாள். இப்போதுதான் என்றார். கைக்குட்டையைப் பிரித்தாள், ரத்தம் ஓரத்தில் காய்ந்து கறுத்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். லேசாக என்றார். ஆஸ்பத்திரியில் தன் வேலையே இதுதான், வருகிறவர்களின் காலை, கையைத் தொட்டுப் பார்ப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் அவர் இடது கையை மல்லாத்தி வைத்தாள்.

“கண்ணை மூடிக்கங்க சார். நான் தொடறப்ப ‘ம்’னு சொல்லுங்க, போதும்.”

தேவநேசன் கண்ணை மூடினார். நூலளவுகூடத் திறந்து வைக்கவில்லை, அதில் உறுதியாக இருந்தார். நல்லதாகப் போச்சு என்றுதான் நினைத்தார். தானாக வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலே போதும், உணர்ச்சி இல்லாதது அவளுக்குத் தெரிந்துவிடும், இரண்டு வருஷப் பாரம் ஒரு வார்த்தையும் இல்லாமல் இறங்கிவிடும். பேசாமல் இருந்தார். ஏசி இரைந்தது. ஐந்து விநாடி போயிருக்கும். ஆட்காட்டி விரலைத் தொட்டிருப்பாள். பத்து ஆகியிருக்கும், இப்போது நடுவிரல். ஒன்றுக்குக்கூட ஆமாம் சொல்லவில்லை, கட்டையாக உட்கார்ந்திருக்கிறோம், அவள் முகம் எப்படி மாறிக்கொண்டிருக்கிறதோ. பத்து வயதிலிருந்து கேட்டவள். எல்லாமேயா போய்விட்டது, அப்படி இல்லையே, சுண்டுவிரலில் கொஞ்சம் இருக்கிறதே, அதற்காவது ஒன்று சொல்லலாமே, அது பொய்யாகாதே. விரல் நுனியில் ஏதோ இருக்கிற மாதிரிகூட இருந்தது. காற்றாக இருக்கலாம், அவள் விரலாகவும் இருக்கலாம். “ம்,” என்றார். சொன்னதும் மனசு கொஞ்சம் லேசானது. கொஞ்சம் இடைவெளி விட்டு, வழக்கமாகக் கிட்டாரைப் பார்க்கும்போது விடுகிற இடைவெளிதான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இன்னொரு தடவை “ம்” என்றார். அடுத்ததற்குக் குரல் நன்றாகவே வந்தது. “இது மோதிர விரல்,” என்றார்.

கண்ணைத் திறந்தார். ரோஷிணியின் இரண்டு கைகளும் அவள் மடியில் கோத்திருந்தன.

“நான் இன்னும் தொடவே இல்ல சார்,” என்றாள்.